ஓசி எரு

வேல்ஸில், டவி ஆறு கடலில் கலக்கும் இடத்தில்
ரயில் பாதைக்கும் சதுப்புக்கும் நடுவே
நகராட்சி குத்தகைக்கு விட்ட பதினேழு துண்டு நிலம்.
ஆறாவது என்னுடையது.
ஏழாவது எம்ரிஸுடையது.

மார்ச்சில், உறைபனி விட்ட மறுநாள்,
டிரெய்லர் நிறையக் குதிரை லத்தி கொண்டுவந்து
வேலியோரம் கொட்டினார்.
"வேண்டிய மட்டும் அள்ளிக்கொள், எலுனெட்.
எல்லாம் செரென் போட்டது. காசு வேண்டாம்."
ஆவி பறந்தது. குவியலின் உச்சியில்
ஒரு ராபின் உட்கார்ந்து குளிர்காய்ந்தது.

ஓசியில் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
சரி, பல்லை விட்டுவிட்டேன்.
நான் மறுமுனையைப் பார்ப்பவள்.
இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
ஊராரின் சீசாக்களைத் திறந்தவளுக்கு
மூக்கைப் பொத்தும் பழக்கம் போய்விட்டது.

கோழி எச்சத்துக்கு முன்கோபம்.
ஆறப்போடாமல் வைத்தால் வேரைச் சுட்டுவிடும்.
பசுஞ்சாணம் நிதானம். இன்று கேட்டால்
ஆடி அசைந்து அடுத்த மாதம் தரும்,
ஆனால் என் மணலில் ஈரத்தைக் கட்டிப்போடும்.
ஆட்டுப் புழுக்கையைச் சாக்கில் முடிந்து
பீப்பாய்த் தண்ணீரில் தொங்கவிட்டால்
பத்தே நாளில் தேநீர் நிறம்.
குத்தகை வசூலிக்க வந்தவர் மூடியைத் திறந்தார்;
அதன்பின் ரசீது தபாலில்தான் வருகிறது.
முயல் புழுக்கையை அன்றைக்கன்றே போடலாம்.
நான் முயல் வளர்க்கவில்லை.
என் கீரையைத் தின்கிற காட்டு முயல்கள்
கடனைச் சில்லறையாகத்
திருப்பித் தருகின்றன, அங்கங்கே.

குதிரை லத்தியில்
களை விதை முளைக்கும், அவ்வளவுதான்
என்றிருந்தேன்.

ஜன்னல் விளிம்பில் நான்கு தயிர் டப்பா.
கோழி, பசு, ஆடு, செரென்.
பேனாவால் பெயர் எழுதி
டப்பாவுக்கு மூன்று அவரை.

மூன்று டப்பாவில் இலை உள்ளங்கையாய் விரிந்தது.
செரென் டப்பாவிலும் முளைத்தது.
முளைத்து, தலை குனிந்து,
நுனி இலை கிண்ணமாய்க் குவிந்து,
நரம்பு பிதுங்கி, பெரணிக் குருத்து மாதிரி
தனக்குள்ளேயே சுருண்டுகொண்டது.
புது விதை, புது மண், இன்னொரு தடவை.
அதே சுருள்.

நான் போய்ச் சொல்வதற்குள்
பட்டாணிப் பாத்தி, தக்காளிப் பாத்தி,
உருளை வரிசை நான்கிலும்
முழங்கால் மட்டும் பரப்பி முடித்திருந்தார்.
டப்பாவை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.
"செரெனுக்கு ஏதாவது நோயா?"

அதுதான் அவர் முதலில் கேட்டது.

இல்லை எம்ரிஸ். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.
குளிர்காலத்துக்கு வாங்கிய உலர்புல்.
மலைக்கு அந்தப்பக்கம் யாரோ
முட்செடி சாக மருந்தடித்த வயல்.
புல்லை அது ஒன்றும் செய்யாது.
குதிரையையும் செய்யாது,
குடலுக்குள் போய், போன மாதிரியே வெளியே வரும்.
முட்செடிக்கு எழுதிய மரணச் சீட்டு
முகவரி மாறி
அவரைக்கு வந்திருக்கிறது.

இரண்டு வாரம் அவர் ஏழாம் எண் பக்கமே வரவில்லை.
மிச்சக் குவியல் மழையில் ஊறியது.
ராபினும் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

பிறகு ஒருநாள், பட்டாணி எல்லாம் சுருண்ட பிறகு,
மண்ணைக் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார்.
சட்டைப்பையில் மக்காச்சோள விதை.
"சோளம் புல் ஜாதிதானே?"
ஆமாம், அதுவும் புல்தான்.
"அப்படியானால் அதற்கு இந்த மொழி புரியாது."

எங்கள் ஊர் வெயிலில் சோளம் விளைந்ததாக
நான் கேட்டதில்லை. அதைச் சொல்லவில்லை.

அக்டோபரில் பதினோரு கதிர்.
உரித்தால் பாதிப் பல் இல்லை,
இருப்பதும் வெளிறிய பால் பல்.
குடிசை வாசலில் நின்றபடி
வெண்ணெய் தடவித் தின்றோம்.
எம்ரிஸ் மட்டைகளையும் தாள்களையும்
செரெனுக்கென்று வாளியில் சேர்த்தார்.

பாதி வாளி நிறைந்ததும்
கை நின்றது.
என்னைப் பார்த்தார்.

இரண்டு தயிர் டப்பாவைக்
கழுவி வைத்திருக்கிறேன்.